பாட்டிக்கு மிசோ சூப் ஆகுமா?

தெமியாங்கிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வெளியே சாப்பிடக் கிளம்பினால் காரில் ஏறும்போதே பேச்சு இரண்டாகப் பிரியும். பெரியவர்களுக்கு வாழை இலை, பிள்ளைகளுக்கு சூஷி. சிரம்பான் பட்டணம் பக்கத்திலேயே இருப்பதால் இரண்டுக்கும் பெரிதாக அலைய வேண்டியதில்லை. அசலான கடைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் கோலாலம்பூர் வரை போகிறார்கள். கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ் நடக்கிற தூரம்தான். ஜப்பானியர் நிறையப் பேர் குடியிருக்கும் மோன்ட் கியாராவுக்குக் கார் வேண்டும்.

எங்கே போனாலும் மேசையில் உட்காரப்போகிறவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை சைவம் பிடிக்கும் பாட்டி, இனிப்பு நீர் இருக்கும் அப்பா, மாட்டிறைச்சி தொடாத அம்மா, மாசமாக இருக்கும் அண்ணி, கையில் கிடைத்ததை எல்லாம் எடுக்கும் பிள்ளைகள். கடை எவ்வளவுக்கு அசலாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தக் குடும்பம் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஜப்பானியக் கடையில் இது இன்னும் அதிகம்.

முதலில் நமக்குப் பழகிய இலை. நுனி இடப்பக்கம் வரும்படி இலை விரிப்பார்கள். சோறு, இரண்டு மூன்று காய், அப்பளம், மோர் மிளகாய், ரசம், தயிர். வாளியில் பருப்பும் மீன்கறியும் கோழிக்கறியும் சுற்றி வரும், எது வேண்டுமோ கேட்டு ஊற்றிக்கொள்ளலாம். பெரும்பாலான கடைகளில் இதெல்லாம் ஒரே விலைக்குள் அடங்கும். சோறும் காயும் மறுமுறை கேட்டாலும் கூடுதல் காசு இல்லை. அடுத்து ஒருவர் பெரிய தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார். ஆட்டுக்கறிப் பெரட்டல், கோழி வறுவல், இறால், கணவாய், பொரித்த மீன் என்று கிண்ணம் கிண்ணமாக அடுக்கியிருக்கும். அந்தத் தட்டிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனி விலை. புதிதாக வருகிறவர்கள் சாப்பாட்டோடு சேர்ந்தது என்று நினைத்து நாலைந்தை வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். மீன் தலைக் கறிக்கும் நண்டுக்கும் விலை அளவைப் பொறுத்தது. கொண்டுவரச் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். விலை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சைவம் சாப்பிடுகிறவருக்கு இலைச் சாப்பாட்டிலும் ஒரு கண்ணி உண்டு. அசைவமும் சமைக்கிற கடையில் கீரையில் நெத்திலியோ உலர்ந்த இறாலோ போட்டிருக்கலாம். கங்கோங் கீரை என்றால் பெலாச்சான் இருக்கவே வாய்ப்பு அதிகம். பார்வைக்குப் பச்சைக் கீரைதான், உள்ளே கடல். "காய்ல நெத்திலி, பெலாச்சான் ஏதும் போட்டீங்களாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் பரிமாறுகிறவர் தயங்காமல் சொல்லிவிடுவார். பாட்டிக்கு மனசு ஒப்பவில்லை என்றால் முழுச் சைவக் கடைக்குப் போவதுதான் நிம்மதி.

இந்த இலைச் சாப்பாடு அசல் இந்தியச் சாப்பாடா என்று கேட்டால், மலேசியத் தமிழருக்கு அசல் என்பேன். சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் கங்காணிகள் அழைத்து வந்த சனங்கள், ரப்பர்த் தோட்டத்து லயன் வீட்டில் கிடைத்ததை வைத்துச் சமைத்த கைப்பக்குவம் இதில் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டு உணவகத்தில் போய் மீன் தலைக் கறி கேட்டால் பல இடங்களில் திகைப்பார்கள். அது 1949 வாக்கில் சிங்கப்பூரில் ஒரு மலையாளி நடத்திய கடையில் பிறந்தது என்று சொல்வார்கள். சென்னையிலிருந்து வந்து கடை போடுகிறவர்கள் வைத்திருக்கும் 'சிக்கன் 65' கூட, 1965இல் புகாரி ஹோட்டலில் தொடங்கியது என்கிறார்கள். நம்மில் பலருடைய வயதுதான் அதற்கும்.

ஜப்பானியச் சாப்பாட்டுக்கு வருவோம். அங்கே சைவத்துக்குப் பெரிய தடை கண்ணுக்குத் தெரியாது. பெயர் தாஷி. கொம்பு என்ற கடற்பாசியையும், சூரை இன மீனை வேகவைத்துப் புகையிட்டுக் கருவாடாக்கிச் சீவிய சீவலையும் ஊறவைத்து எடுக்கும் தெளிந்த சாறு அது. இலங்கைச் சமையலில் சேரும் மாசிக் கருவாட்டை அறிந்தவர்களுக்கு அந்தச் சீவலின் வாசனை புதிதாக இருக்காது. ஜப்பானியச் சமையலில் இந்தச் சாறு இறங்காத பண்டம் குறைவு. மிசோ சூப், ஊடொன் நூடல்ஸ், தெம்பூராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, முட்டையை அவித்துச் செய்யும் சவான்முஷி, வேகவைத்த காய் எல்லாவற்றிலும் அதுதான் அடித்தளம். அதனால் தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில்: பொதுவாக ஆகாது. தொவ்ஃபுவும் பாசியும் மட்டும் மிதந்தாலும் அந்தக் கிண்ணத்தில் மீன் இருக்கிறது. உணவுப் பட்டியலில் 'வெஜிடபிள்' என்று போட்டிருந்தால் மேலே கிடப்பது காய் என்று மட்டும்தான் பொருள்.

தாஷியின் ருசியை ஆராய்ந்த கிகுனாயே இகெடா என்ற வேதியியல் பேராசிரியர் 1908இல் கொம்புப் பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. தோட்டத்து அடுப்படி வரை வந்து சேர்ந்த அந்த வெள்ளைத் தூளின் மலேசியத் தொழிற்சாலை இப்போது நம் நெகிரி செம்பிலானில், பண்டார் என்ஸ்டெக்கில்தான் இருக்கிறது.

அப்படியென்றால் பாட்டி என்னதான் சாப்பிடுவார்? வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய கப்பா மாக்கி, உப்புப் போட்டு அவித்த பச்சை சோயா மொச்சையான எடமாமே, வெறுஞ்சோறு, காய்த் தெம்பூரா. தெம்பூராவுக்குத் தருகிற சாற்றை ஒதுக்கிவிட்டு உப்புத் தொட்டுச் சாப்பிடலாம். ஆனால் இறால் பொரித்த அதே எண்ணெயில்தான் காயும் பொரியும். அதைப் பொறுக்காதவர் எடமாமேயோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். இனாரி என்ற இனிப்பான பொரித்த தொவ்ஃபுப் பை சைவம் போலத் தோன்றினாலும் அதையும் பல இடங்களில் தாஷியில்தான் வேகவைக்கிறார்கள். வெள்ளிக்கிழமையில் பாட்டியை ஜப்பானியக் கடைக்கு அழைத்துப் போகாதீர்கள் என்பதே என் யோசனை. சனிக்கிழமை போங்கள், மீன் சாப்பிடுகிறவர் என்றால் அவருக்கும் நிறைய இருக்கும்.

மாட்டிறைச்சி விஷயத்தில் கேட்க வேண்டியது கியூடொன் என்ற மாட்டுக்கறிச் சோறு பற்றியல்ல, அது மாடு என்பது படத்திலேயே தெரியும். கவனிக்க வேண்டியது ஜப்பானியக் கறி. ரொட்டித்தூள் தூவிப் பொரித்த கோழிக் கட்சு வாங்கினாலும் அதன்மேல் ஊற்றும் கெட்டிக் குழம்புக்கான கட்டி பல சமயம் மாட்டுக் கொழுப்பு சேர்த்துச் செய்ததாக இருக்கும். ஹலால் கடையில் பன்றிக் கொழுப்பு இராது. மாட்டுக் கொழுப்புக்கு அங்கே தடையில்லை. நம் மாமாக் கடைகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். முஸ்லிம் நண்பர்களோடு போனால் விஷயம் வேறு. "இங்கே பன்றி இல்லை" என்ற அட்டை ஹலால் முத்திரைக்கு ஈடாகாது. மிரின் என்ற இனிப்புச் சமையல் மதுவில் ஏறக்குறைய 14 விழுக்காடு ஆல்கஹால் உண்டு. தெரியாக்கியிலும் பல குழம்புகளிலும் அது இயல்பாகச் சேரும். ஜாக்கிம் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பேச்சு முடிந்தது. ஆக, தாஷி, மிரின், பச்சை மீன் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் சுத்த ஜப்பானியக் கடையைவிட, நம்மூர் நாக்குக்காக மாற்றிச் செய்யும் பேரங்காடிக் கடை எல்லா வயதினரும் உள்ள குடும்பத்துக்குச் சௌகரியம். இதைச் சொன்னால் சில உணவுப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் தனியாகப் போய்ச் சாப்பிடட்டும்.

கட்சுவின் மேல் ஊற்றும் அந்தக் கறி எப்படி ஜப்பானுக்குப் போனது என்பது தனிக் கதை. மெய்ஜி காலத்தில் ஆங்கிலேயர் வழியாக மாவு கரைத்த குழம்பாகப் போனது, கடற்படையில் நிலைத்தது. இன்றும் ஜப்பானியக் கடற்படைக் கப்பல்களில் வெள்ளிக்கிழமை கறி நாள். நம் வீடுகளில் சைவ நாள்! இந்தியப் பக்குவத்துக் கறியை அங்கே பிரபலமாக்கியவர் ராஷ் பிஹாரி போஸ். 1915இல் ஆங்கில அரசுக்குத் தப்பி ஜப்பான் போனவருக்கு டோக்கியோவின் நகமுராயா ரொட்டிக்கடைக் குடும்பம் அடைக்கலம் தந்தது. அந்த வீட்டுப் பெண்ணையே மணந்தார். 1927இல் அந்தக் கடை தொடங்கிய உணவகத்தில் அவர் பக்குவத்தில் கறி பரிமாறினார்கள். இன்றும் பரிமாறுகிறார்கள். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய சுதந்திரக் கழகத்தின் தலைமையை சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தவரும் இவரே. அந்தக் கழகத்தின் இந்திய தேசியப் படையில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். 1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடைகிற செய்தி வந்தபோது சுபாஷ் இருந்தது நம் சிரம்பானில்.

அதே ஜப்பான்காரன் காலம்தான் மரவள்ளிக்கிழங்கே சோறாக இருந்த காலம். வாழைமரம் போட்ட நோட்டு காகிதமாகிப்போன காலம். தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களில் பலர் திரும்பாத காலம். வீட்டில் மிகவும் வயதானவர்கள் சூஷிக் கடை வாசலில் கால் வைக்கத் தயங்கினால் காரணம் பச்சை மீன் மட்டுமாக இராது. வற்புறுத்தாதீர்கள்.

பச்சை மீன் வயிற்றில் பிள்ளை இருப்பவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் நோயால் உடல் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் வேண்டாம். கிருமி ஒரு பக்கம். பெரிய சூரை வகைகளில் பாதரசம் மறுபக்கம். ஜப்பானியக் கடை என்றால் பச்சை மீன்தான் என்று அர்த்தமில்லை. ஊடொன், கோழிக் கட்சு, சுட்ட சால்மன், முட்டைச் சூஷி என்று வெந்தவையே ஒரு குடும்பத்துக்குப் போதும். இனிப்பு நீர் உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சூஷிச் சோற்றில் வினிகரோடு சீனியும் உண்டு, தெரியாக்கிக் குழம்பு சீனிப் பாகு போன்றது. இலைக் கடையில் எதிரி மறுசோறு. 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. பெரிய குடும்ப மேசையில் ஒருவராவது இருக்க வாய்ப்பு அதிகம்.

சாப்பிடும் முறைக்கு அஞ்ச வேண்டாம். குச்சி பிடிக்கத் தெரியாத தாத்தா சூஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம், ஜப்பானிலேயே அதுதான் பழைய வழக்கம். சோற்றுப் பக்கத்தை விட்டு மீன் பக்கத்தைச் சோயா கிச்சாப்பில் லேசாகத் தொட்டால் சோறு உதிராது. பச்சை உருண்டையாக ஓரத்தில் இருப்பது வசாபி. பிள்ளைகள் அதைத் துவையல் என்று எண்ணி வாயில் போடுவதற்குள் தட்டை நகர்த்திவிடுங்கள். குச்சிகளைச் சோற்றில் நட்டு நிறுத்தக் கூடாது, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்குப் பண்டம் மாற்றவும் கூடாது. முன்னது இறந்தவருக்குச் சோறு படைக்கும் முறை, பின்னது தகனத்துக்குப் பிறகு எலும்பு எடுக்கும் முறை. நம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. துக்க வீட்டில் இலையை எதிர்ப்பக்கம் மடிப்போம், நல்ல விருந்தில் நம் பக்கம் மடிப்போம். இலைக் கடையிலும் அப்படியே.

சுற்றும் பட்டை உள்ள கடை பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். 1958இல் ஒசாகாப் பக்கத்தில் யோஷியாகி ஷிராயிஷி என்பவர் தொடங்கியது, மதுபானத் தொழிற்சாலையில் போத்தல்கள் பட்டையில் நகர்வதைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். தட்டின் நிறம்தான் விலை. கடைசியில் தட்டுகளை எண்ணிக் கணக்குப் போடுவார்கள், அதனால் எந்த நிறம் எத்தனை வெள்ளி என்பதை உட்காரும்போதே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். சில கடைகளில் மேசையோரமாகத் தேநீருக்கான கொதிநீர்க் குழாய் இருக்கும். இலைக் கடையில் சாப்பிட்டுப் பழகிய குழந்தை அதைக் கை கழுவும் குழாய் என்று நினைத்துவிடும். குழாய்ப் பக்கம் பெரியவர் உட்காருங்கள்.

பில்லில் இரண்டு வரி கூடுதலாக வரலாம். 6 விழுக்காடு சேவை வரி அரசுக்குப் போவது. ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டிய உணவகங்களுக்குத்தான் அது. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு வரி 8 ஆனபோதும் உணவகங்களுக்கு 6தான். 10 விழுக்காடு சேவைக் கட்டணம் கடைக்குப் போவது. ஜப்பானியக் கடைகளில் அடிக்கடி இருக்கும், இலைக் கடைகளில் அரிது. 200 வெள்ளிக்குச் சாப்பிட்டால் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 232 ஆகும்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இலைச் சாப்பாடு மதியத்துக்கானது, மூன்று மணிக்குப் போனால் வாளியில் அடிக்கறிதான் மிஞ்சும். பேரங்காடிக்கு வெளியே உள்ள ஜப்பானியக் கடைகள் பல மதியத்துக்கும் இரவுக்கும் இடையில் கதவைச் சாத்திவிடும். அங்கே மேசை சொல்லி வைக்கும்போதே சைவம் எத்தனை பேர், மாடு வேண்டாதவர் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டால், மீன் சேர்க்காமல் பாசியில் மட்டும் சாறு எடுத்துத் தர முடியுமா என்றும் கேட்கலாம். தனிச் சமையல்காரர் உள்ள சின்னக் கடைகளில் இதற்குச் சம்மதிப்பவர்கள் இருக்கிறார்கள். சாறும் குழம்பும் தயாராக வந்து இறங்கும் பெரிய கிளைக் கடைகளில் அது நடக்காது.