காதை நம்பிப் பிழைப்பவர்

என்னவர் அம்பத்தூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் செட்டர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். "செட்டர்னா என்ன வேலை?" என்று கேட்காத உறவினர் இல்லை. தகட்டை வெட்டி வாஷர், பிராக்கெட் செய்கிற மெஷினில் டையைப் பொருத்தி, மேலிருந்து இறங்கும் பஞ்ச் மயிரிழை பிசகாமல் அதில் விழும்படி செய்து கொடுப்பவர். முதல் பீஸை அவர் அளந்து பார்த்த பிறகுதான் ஆபரேட்டர் ஓட்டுவார். நிமிஷத்துக்கு 60 அடி என்றால் மணிக்கு 3,600 பீஸ். செட்டிங் தப்பினால் அத்தனையும் குப்பை!

"சத்தத்தைக் கேட்டே சொல்லிடுவேன், டை மழுங்கிடுச்சா, போல்ட் லூஸான்னு" என்பார் பெருமையாக. அந்தப் பெருமைதான் வினையாயிற்று. சத்தம் சரியாகக் கேட்க வேண்டுமென்று, கம்பெனி கொடுத்த இயர் பிளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக் கொள்வாராம். எண்ணெய்க் கறைச் சட்டையைத் துவைக்கும்போது அதை எத்தனையோ தடவை எடுத்து வைத்திருக்கிறேன். இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லையே எனக்கு!

வீட்டில் டி.வி. சத்தம் ஏறிக்கொண்டே போனது. தீப்பெட்டி கேட்டால் சீப்பைக் கொண்டு வந்து நீட்டுவார். "நான் பேசினா அப்பா கவனிக்கிறதே இல்லைம்மா" என்று மகள் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாள். எனக்கும் கோபம்தான். எதிர்வீட்டு மாமி சொன்னாரென்று பூண்டு எண்ணெய் காய்ச்சி விட்டேன். பலனில்லை.

கடைசியில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் செய்தார்கள். "அவர் அலட்சியப்படுத்தலைம்மா. கீச்சுக் குரலும் ச, த, ப மாதிரி எழுத்துகளும்தான் முதல்ல போகும். பொம்பளைங்க, குழந்தைங்க பேச்சு சத்தமாக் கேட்கும், புரியாது" என்றார் டாக்டர். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம்தான் இருக்கலாமாம். மூன்று டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். உள்காதிலுள்ள நுண்ணிய செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது, மருந்தும் இல்லை.

அன்று இரவு மகள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

இப்போது மெஷின் ஓடும்போது இவர் பிளக்கைக் கழற்றுவதில்லை. பீஸின் விளிம்பில் பிசிறு பார்த்தே டை மழுங்கியதைக் கண்டுபிடிக்கிறார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பட்டறை வேலைக்குப் போகிறவர் இருந்தால் கவனியுங்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும் காதில் 'ஙொய்' என்று இரைகிறது என்றால் அது எச்சரிக்கை. உடனே டெஸ்ட் செய்யுங்கள். பஞ்சு வைப்பது போதாது. நுரை பிளக்கை விரலால் மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே வைத்து, அது உப்பும்வரை அழுத்திக் கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் அடுக்களையிலிருந்து கத்துவதில்லை. அவர் எதிரே போய், முகம் பார்த்துப் பேசுகிறோம். சண்டை பாதி குறைந்துவிட்டது.