ஏழு கோடி எழுபது இலட்சம் பேர்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்பது ஆளின் பெயர் மட்டுமல்ல, ஒரு நாள் சம்பளத்துக்கும் அதுதான் சொல். காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, மாலை நிறுவையில் கொழுந்து கணக்குக்கு வந்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். கிலோ குறைந்தால் அரைப்பேர். "இந்த மாசம் எத்தன பேரு?" என்று லயத்தில் விசாரிப்பவர் ஆள் எண்ணிக்கையைக் கேட்கவில்லை. 2011 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் வலையமைப்பிலிருந்து 7 கோடி 70 இலட்சம் கணக்குகளின் விவரம் திருட்டுப்போனது. அந்தப் பேர்களை நம்முடைய பேரால் அளந்தால் என்ன வரும் என்று ஒருநாள் கணக்குப் போட்டேன்.

முதலில் நாள் கணக்கு. திருடர் உள்ளே நடமாடியது ஏப்ரல் 17க்கும் 19க்கும் இடையில். 20ஆம் திகதி சோனி சேவையை இழுத்து மூடியது. பெயர், விலாசம், பிறந்த திகதி, மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் போயிருக்கும் என்று வாடிக்கையாளரிடம் வாய் திறந்தது 26ஆம் திகதி. கடனட்டை எண்கள் தப்பினவா என்பதற்கும் அப்போது உறுதியான பதில் இல்லை. களவைவிட இந்த ஆறு நாள் மௌனம்தான் ஆட்களைக் கொதிக்க வைத்தது. மறுநாளே கலிபோர்னியாவில் வழக்கு விழுந்தது. ஏன் உடனே சொல்லவில்லை என்று செனட்டர் ரிச்சர்ட் புளூமென்தால் கடிதம் எழுதினார். மே 1இல் டோக்கியோவில் சோனியின் கசுவோ ஹிராயும் இன்னும் இரு அதிகாரிகளும் கமெராக்களுக்கு முன்னால் தலை தாழ்த்தி நின்றார்கள். அடுத்த நாள் அடுத்த இடி: சோனி ஒன்லைன் என்டர்டெயின்மென்ட் என்ற துணை நிறுவனத்திலும் 2 கோடி 46 இலட்சம் கணக்குகள். அங்கே 2007ஆம் ஆண்டுத் தரவுத்தளம் ஒன்று கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதில் அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களின் அட்டை எண்கள் சுமார் 12,700.

இனிச் செலவு. மே மாதக் கடைசியில் சோனி தன் மதிப்பீட்டை வெளியிட்டது: 1,400 கோடி யென், அதாவது ஏறக்குறைய 17 கோடி 10 இலட்சம் டொலர். பெரிய தொகைதான். 7 கோடி 70 இலட்சத்தால் வகுத்தால் ஒரு கணக்குக்கு 2 டொலர் 22 சதம் வருகிறது. அன்றைக்கு டொலர் சுமார் 110 ரூபா. ஆக 244 ரூபா. 2009ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தம் தோட்டத் தொழிலாளிக்கு வைத்த அடிப்படை நாட்சம்பளம் 285 ரூபா, 2011இன் ஒப்பந்தம் அதை 380 ஆக்கியது. பழைய ஒப்பந்தத்தை வைத்துப் பார்த்தாலும் ஒரு வாடிக்கையாளரின் பேர் சோனியின் பேரேட்டில் முழுப்பேராக விழவில்லை. துணை நிறுவனத்தின் கணக்குகளையும் சேர்த்து 10 கோடி 16 இலட்சத்தால் வகுத்தால் 185 ரூபா. முக்கால் பேரும் தேறாது.

தரவு இழப்பின் செலவை ஆண்டுதோறும் கணக்கிடும் பொனமன் ஆய்வு நிறுவனம், அமெரிக்காவில் 2010இல் ஒரு பதிவுக்கு 214 டொலர் என்று சொல்லியிருந்தது. அந்த வீதத்தில் சோனிக்கு 1,600 கோடி டொலருக்கு மேல் போயிருக்க வேண்டும். எழுதியதோ அதில் ஏறக்குறைய நூறில் ஒன்று. இவ்வளவு பெரிய களவுக்கு அந்தச் சராசரி பொருந்தாது என்று வாதிடலாம். வாதம் சரிதான், ஆனாலும் கூட்டம் பெருகப் பெருகத் தலைக்கு விலை குறைவது நமக்குப் புதிய பாடமல்ல.

அந்தக் கோபம் எங்கே போனது? மே 14, 15இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேவை திரும்பியது. ஐந்து விளையாட்டுகளில் இரண்டு இலவசம், 30 நாள் பிளஸ் உறுப்புரிமை இலவசம். ஜூன் தொடக்கத்தில் சோனியின் அமெரிக்கத் தலைவர் ஜாக் ட்ரெட்டன், பழைய நடமாட்டத்தில் 90 சதவீதம் திரும்பிவிட்டது என்றார். இலவசத்துக்கு மயங்கினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டும், விளையாடிச் சேர்த்த விருதும், நண்பர் பட்டியலும் அந்தக் கணக்கோடு கட்டப்பட்டவை. வெளியேறினால் அத்தனையும் அங்கேயே கிடக்கும். நம் பாட்டன்மாரும் கடன் தீர்த்துத் துண்டு வாங்காமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாதிருந்தார்கள். அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிந்தது.

பிரித்தானியத் தகவல் ஆணையாளர் 2013 ஜனவரியில் விதித்த அபராதம் 2 இலட்சத்து 50 ஆயிரம் பவுண். அது பிரித்தானியச் சட்டப்படி விதித்தது. ஆனாலும் எல்லாக் கணக்குக்கும் பங்கிட்டால், அன்றைய 200 ரூபா வீதத்தில் ஒருவருக்கு 65 சதம். அமெரிக்க வழக்கு 2014இல் 1 கோடி 50 இலட்சம் டொலர் பெறுமதியான சமரசத்தில் முடிந்தது. அதில் பெரும்பகுதி விளையாட்டும் சந்தாவும். அடையாளம் திருடப்பட்டுக் காசு இழந்ததை நிரூபித்தவருக்கு மட்டும் 2,500 டொலர் வரை.

இலங்கைக்காரருக்கு என்ன கிடைத்தது என்று தேடக்கூட வழியில்லை. பிளேஸ்டேஷன் வலையமைப்பின் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. இங்கே விளையாடுகிறவர் அமெரிக்காவையோ இந்தியாவையோ சொல்லி, அந்நாட்டு விலாசம் ஒன்றைப் போட்டுத்தான் கணக்குத் திறக்க வேண்டும். லயத்துப் பிள்ளைக்குச் சொந்தமாகக் கதவிலக்கம் இல்லை, கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும். அவனிடம் வேறொரு நாட்டு விலாசம் கேட்டால் எதையாவது போடத்தான் செய்வான். திருடனுக்குப் பொய் விலாசம் போயிருக்கும். கடவுச்சொல் மட்டும் மெய். அந்த மெய்தான் ஆபத்து: அதே 2011 அக்டோபரில், வேறெங்கோ கசிந்த கடவுச்சொற்களை வைத்துச் சோனியின் சுமார் 93,000 கணக்குகளைத் திறந்து பார்த்துவிட்டார்கள்.

பதின்மூன்று வருடம் கழித்து ஒரு சின்னப் பழிவாங்கல் நடந்தது. 2024 மே 3இல், கணினியில் 'ஹெல்டைவர்ஸ் 2' விளையாட இனிப் பிளேஸ்டேஷன் கணக்குக் கட்டாயம் என்று சோனி அறிவித்தது. கணக்குத் திறக்க முடியாத 170க்கு மேற்பட்ட நாடுகளிலும் பிராந்தியங்களிலும் விற்பனை நின்றது. ஸ்டீம் தளத்தில் 2 இலட்சத்துக்கு மேல் எதிர்மறை மதிப்பீடுகள் குவிந்தன. பழைய களவை எடுத்துக்காட்டிப் "பேரை ஏன் மறுபடி உன்னிடம் தரவேண்டும்" என்று கேட்டவர்கள் ஏராளம். மே 6இல் சோனி பின்வாங்கியது. வழக்குக்கு மூன்று வருடம், மதிப்பீட்டுக்கு மூன்று நாள்!

நம் நாட்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் வந்தது, 9ஆம் இலக்கம். ஒரு மீறலுக்குத் தண்டப்பணம் 1 கோடி ரூபா வரை என்று அதில் எழுதினார்கள். ரீலோட் கடையிலும் விளையாட்டுச் செயலியிலும் அடையாள அட்டை இலக்கம் கேட்கும் காலத்தில், அந்த உச்சவரம்பைப் பேர் கணக்கில் போட வேண்டும் என்பது என் கட்சி. ஒரு பேர் கசிந்தால் ஒரு பேர். 2024இன் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. பத்து இலட்சம் வாடிக்கையாளரின் விவரத்தைத் தொலைத்த நிறுவனம் அந்தக் கணக்கில் 135 கோடி கட்ட வேண்டும். 2022இல் எழுதிய வரம்பில் ஒருவருக்கு வருவது 10 ரூபா.