பெயர் எழுதாத மூட்டைகள்: தேர்தல் பத்திரம் எப்படி இயங்கியது?

ஊர்க்கோயில் அன்னதானத்துக்குச் சமையல் நடக்கும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். கோட்டையடுப்பில் உலை கொதிக்கும். பக்கத்திலேயே உக்கிராணம். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி எல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். யார் எத்தனை மூட்டை கொடுத்தார் என்று ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். பிறகு அந்தப் பட்டியலை மைக்கில் வாசிப்பார்கள். பந்தியில் கடைசி இலையில் உட்காருபவருக்கும் அன்றைய சோறு யார் கொடுத்த அரிசி என்று தெரிந்துவிடும்.

இந்த வழக்கத்தை மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இனி அரிசி கொடுக்க விரும்புகிறவர் உக்கிராணத்தில் பணம் கட்டி, மேலே பெயர் எழுதாத ஒரு மூட்டையை வாங்க வேண்டும். அதைத் தனக்குப் பிடித்த சமையல்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். யார் வாங்கினார் என்பது உக்கிராணக்காரரின் நோட்டில் மட்டும் இருக்கும். மைக்கில் வாசிப்பது கிடையாது. 2018 மார்ச் முதல் 2024 பிப்ரவரி வரை இந்தியக் கட்சிகளுக்குப் பெரும்பணம் போய்ச் சேர்ந்த வழிகளில் முக்கியமானது இதுதான். தேர்தல் பத்திரம் என்று பெயர் வைத்தார்கள்.

உக்கிராணத்தின் இடத்தில் இருந்தது பாரத ஸ்டேட் வங்கி. வேறு எந்த வங்கியிலும் பத்திரம் வாங்க முடியாது. ஆயிரம், பத்தாயிரம், ஒரு லட்சம், பத்து லட்சம், ஒரு கோடி என்று ஐந்து அளவுகளில் விற்றார்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பத்துப் பத்து நாள் விற்பனை. மக்களவைத் தேர்தல் வரும் ஆண்டில் கூடுதலாக முப்பது நாள். வாங்குகிறவர் அடையாளச் சான்றுகளை வங்கியில் கொடுத்தாக வேண்டும். ஆனால் பத்திரத்தின் மேல் அவர் பெயர் இருக்காது. கடைசியாக நடந்த மக்களவை அல்லது சட்டமன்றத் தேர்தலில் ஒரு சதவீத வாக்காவது வாங்கிய பதிவுபெற்ற கட்சி, அதைப் பதினைந்து நாளுக்குள் தன் கணக்கில் போட்டுப் பணமாக்கிக்கொள்ள வேண்டும். தவறினால் பணம் பிரதமர் நிவாரண நிதிக்குப் போய்விடும்.

இதற்கு அரசு சொன்ன நியாயத்தை ஒதுக்கிவிட முடியாது. கட்டுக்கட்டாக ரொக்கம் கைமாறுவதை விட வங்கி வழியாகப் போவது மேல். எதிர்க்கட்சிக்குப் பணம் கொடுத்த தொழிலதிபரை ஆளுங்கட்சி பழிவாங்கும் பயமும் இந்த நாட்டில் பொய்யான பயம் அல்ல. அதனால்தான் பெயரை மறைக்கிறோம் என்றார்கள்.

யாரிடமிருந்து மறைத்தார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். கோடிக் கணக்கில் கொடுப்பவர், கொடுத்தது நான்தான் என்று கட்சியிடம் சொல்வதை எந்த விதியாலும் தடுக்க முடியாது; மூட்டையைத் தோளில் சுமந்து வருபவரைச் சமையல்காரருக்கு அடையாளம் தெரியாதா? உக்கிராணக்காரருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளியோ மத்திய அரசு. 2018-ல் பத்திரிகையாளர் பூனம் அகர்வால் ஆயிரம் ரூபாய்ப் பத்திரங்கள் இரண்டை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினார். வெறும் கண்ணுக்குத் தெரியாத எண்ணும் எழுத்தும் கொண்ட குறி ஒன்று ஒவ்வொரு பத்திரத்திலும் புற ஊதா வெளிச்சத்தில் தெரிந்தது. ஆக, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியும். அரசு நினைத்தால் அதற்கும் தெரியும். இலை போட்டு உட்கார்ந்திருந்த வாக்காளருக்கு மட்டுமே தெரியாது.

எனக்கும் தெரியாது என்று சொன்ன சமையல்காரர்களும் இருந்தார்கள். 2019 ஏப்ரலில் யாரோ ஒருவர் பாட்னா அலுவலகத்துக்கு வந்து ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார், பிரித்துப் பார்த்தால் தலா ஒரு கோடிக்குப் பத்துப் பத்திரங்கள் இருந்தன என்று ஐக்கிய ஜனதா தளம் தேர்தல் ஆணையத்துக்கு எழுதிக் கொடுத்தது. பத்துக் கோடி ரூபாயை முகம் தெரியாத ஒருவர் வைத்துவிட்டுப் போனார் என்பதை நாம் நம்ப வேண்டும்.

பெயரை மறைத்தது பாதி வேலைதான். பொருள் எங்கிருந்து வருகிறது என்று சோதிக்கும் சல்லடைகளையும் அதே கையோடு கழற்றினார்கள். முன்பு ஒரு கம்பெனி, தன் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்க முடியாது. 2017-ன் நிதிச் சட்டம் அந்த வரம்பை நீக்கியது. நட்டத்தில் ஓடும் கம்பெனியும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று ஆயிற்று. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்டும் கடமையும் போயிற்று. சொந்தமாகச் சம்பாதிக்காத கம்பெனி கோடிகளைக் கொடுக்கிறது என்றால், அந்தப் பணம் வேறு யாருடையதோதான். போலிக் கம்பெனிகள் வழியாகக் கறுப்புப் பணம் உள்ளே வரும் என்று தேர்தல் ஆணையம் 2017 மே மாதமே சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. ரிசர்வ் வங்கியும் எச்சரித்தது. இரண்டையும் தாண்டித்தான் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

2024 பிப்ரவரி 15 அன்று, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தத் திட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கட்சிக்கு யார் பணம் கொடுக்கிறார் என்று அறிவது வாக்காளரின் உரிமை என்றது. கம்பெனிகளுக்கான வரம்பை நீக்கியதும் செல்லாது என்றது. நோட்டைக் கொடுங்கள் என்று உத்தரவிட்டபோது, ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. அதற்குள் மக்களவைத் தேர்தலே முடிந்திருக்கும். நீதிமன்றம் மார்ச் 11 அன்று அதை மறுத்து, மறுநாளே கொடுக்கச் சொன்னது. முதலில் வாங்கியவர் பட்டியல் ஒன்று, பணமாக்கிய கட்சிகளின் பட்டியல் ஒன்று என்று தனித்தனியாக வந்தன. இரண்டையும் இணைக்கும் அந்த ரகசிய எண்கள், மறுபடியும் நீதிமன்றம் கண்டித்த பிறகே, மார்ச் 21 அன்று வெளியாயின.

வாங்கியவர் பட்டியலின் முதல் பெயர் தமிழ்நாட்டுக்காரர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. லாட்டரி மார்ட்டின் என்று இங்கே எல்லோரும் அறிந்த சாண்டியாகோ மார்ட்டினின் ஃப்யூச்சர் கேமிங் நிறுவனம். கோயம்புத்தூர் முகவரி. வாங்கிய பத்திரங்களின் மதிப்பு 1,368 கோடி ரூபாய். அம்பானி, அதானி, டாடா பெயர்களை எதிர்பார்த்திருந்த நாட்டில், 2003-லேயே தமிழ்நாடு தடை செய்துவிட்ட தொழிலை மற்ற மாநிலங்களில் நடத்தும் ஒருவர் முதலிடத்தில் இருந்தார். அந்த நிறுவனத்திடமிருந்து அதிகம் பெற்றது அப்போது மேற்கு வங்கத்தை ஆண்ட திரிணமூல் காங்கிரஸ். அடுத்து தி.மு.க.; 500 கோடிக்கு மேல். ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கும் பா.ஜ.க.வுக்கும் காங்கிரசுக்கும் பங்கு போனது. தி.மு.க. தனக்குக் கொடுத்தவர் இவர் என்பதை எண்கள் வெளியாகும் முன்பே ஆணையத்திடம் சொல்லியிருந்தது. அதைச் சொல்லாத பெரிய கட்சிகளோடு ஒப்பிட்டால் அது நல்ல காரியம். ஆனால் லாட்டரிப் பணம் ஏன் இவ்வளவு வந்தது என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

இதே நிறுவனத்தின் மீது அமலாக்கத் துறை வழக்கு இருந்தது. 2022 ஏப்ரலில் சுமார் 409 கோடி ரூபாய் முடக்கப்பட்டது. பத்திரம் வாங்கியது அதற்கு முன்பும் நடந்தது, பின்பும் நடந்தது. கொடுத்ததற்கும் வழக்குக்கும் தொடர்பு இருந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. நிறுவனத்தின் நிகர லாபத்தைப் போலப் பல மடங்கு எப்படி நன்கொடையாகப் போனது என்பதற்கும் விளக்கம் வரவில்லை. சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்து விசாரிக்கக் கேட்ட மனுக்களை 2024 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அங்கே கேள்வி நின்றுவிட்டது. அது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

பெயர் தெரிந்தால் மட்டும் போதுமா என்பதற்குப் பட்டியலின் மூன்றாம் பெயர் உதாரணம். க்விக் சப்ளை செயின் என்ற, அதுவரை பலரும் கேள்விப்படாத கம்பெனி 410 கோடிக்குப் பத்திரம் வாங்கியிருந்தது. பெரும்பகுதி பா.ஜ.க.வுக்குப் போனது. அதன் முகவரி நவி மும்பையில் உள்ள திருபாய் அம்பானி நாலெட்ஜ் சிட்டி. அது எங்கள் துணை நிறுவனம் அல்ல என்று ரிலையன்ஸ் சொல்லிவிட்டது. மூட்டை மேல் பெயர் இருக்கிறது. நெல் விளைந்த வயல் யாருடையது என்று இன்னும் தெரியவில்லை.

வெளியான பட்டியலில் அடங்கிய காலத்தில் கட்சிகள் பணமாக்கியது மொத்தம் 12,000 கோடிக்கு மேல். அதில் ஏறத்தாழப் பாதி, சுமார் 6,060 கோடி, பா.ஜ.க.வுக்கு. பத்திரத்தையே தொடமாட்டோம் என்று நின்ற மார்க்சிஸ்ட் கட்சி, அதை எதிர்த்து வழக்கும் போட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

பத்திரம் போய்விட்டது. உக்கிராணத்துக்கு வேறு வாசல்கள் இருக்கின்றன. தேர்தல் அறக்கட்டளைகளில் பல கம்பெனிகள் போடும் பணம் ஒரே அண்டாவில் கலந்து கட்சிகளுக்குப் போகிறது. போட்டவர் பெயரும் பெற்ற கட்சியின் பெயரும் தெரியும், யாருடையது யாருக்குப் போனது என்பது பெரும்பாலும் தெரியாது. மக்களவை வேட்பாளர் பெரிய மாநிலத்தில் 95 லட்சத்துக்கு மேல் செலவு செய்யக் கூடாது. அவருடைய கட்சிக்கு வரம்பே இல்லை. 20,000 ரூபாய்க்கு மிகாத நன்கொடை கொடுத்தவரின் பெயரை இன்றும் கட்சி ஆணையத்திடம் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு மேல் கொடுத்தவர்களின் பட்டியலை ஒவ்வொரு கட்சியும் ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுக்கிறது. ஆணையத்தின் இணையதளத்தில் அது இருக்கிறது, யாரும் பார்க்கலாம். நீங்கள் வாக்களித்த கட்சியின் பட்டியலை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அதில் உள்ள கம்பெனி என்ன தொழில் செய்கிறது, எந்த அரசிடம் என்ன ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்று தேடுங்கள். அடுத்த முறை வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.