கடன்பட்ட நாட்டில் கல்வித் தரம்

2011 மே மாதம் போர்த்துகல் அரசு 7,800 கோடி யூரோ கடனுதவிக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, சர்வதேச நாணய நிதியம் மூன்றும் சேர்ந்து மேற்பார்வையிட்ட அந்தக் கடனோடு, அரசுச் செலவைக் கடுமையாகக் குறைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. அரசுச் சம்பளம் வாங்குவோரில் ஆசிரியர்கள் பெரும் பகுதியினர் என்பதால் பள்ளிக்கூடம் தப்பவில்லை. மாதம் 1,500 யூரோவுக்கு மேல் வாங்கியவர்களின் சம்பளத்தில் 3.5 முதல் 10 சதவீதம் வரை அந்த ஆண்டு ஜனவரியிலேயே வெட்டியிருந்தார்கள். அந்த நாட்டில் ஆண்டுக்குப் பதினான்கு மாதச் சம்பளம் தருவது வழக்கம். 2012-இல் கூடுதலான அந்த இரண்டு மாதச் சம்பளமும் அரசு ஊழியர்களில் பெரும்பாலோருக்கு நின்றுபோனது. 2013 தொடக்கத்தில் வேலையில்லாதோர் விகிதம் 17 சதவீதத்தைத் தாண்டியது.

இதே காலத்தில் அந்நாட்டு மாணவர்களின் மதிப்பெண்கள் உயர்ந்தன. பதினைந்து வயதினரைச் சோதிக்கும் சர்வதேசத் தேர்வான பிசாவில், 2015-ஆம் ஆண்டு போர்த்துகல் வாசிப்பில் 498, அறிவியலில் 501, கணிதத்தில் 492 புள்ளிகள் பெற்றது. மூன்றுமே ஓ.இ.சி.டி. என்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பில் உள்ள நாடுகளின் சராசரிக்கு மேல். கணிதத்தில் மட்டும் இரண்டே புள்ளி வித்தியாசம். அதே ஆண்டு நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்கு நடந்த டிம்ஸ் கணிதத் தேர்வில் போர்த்துகல் 541 புள்ளிகளுடன், 535 பெற்ற பின்லாந்தை முந்தியது. பள்ளிக் கல்விக்கு உலகமே முன்மாதிரியாகப் பார்த்த நாடு பின்லாந்து.

இந்த உயர்வின் அளவு புரிய, போர்த்துகல் எங்கிருந்து புறப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். மேற்கு ஐரோப்பாவில் கல்வியில் மிகவும் பின்தங்கியிருந்த நாடுகளில் அது ஒன்று. சலாசாரின் சர்வாதிகார ஆட்சியில் நான்காண்டுப் படிப்பே ஏழைக்குப் போதும் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. கட்டாயக் கல்வி ஆறாண்டு ஆனதே 1964-இல்தான். 1970-இல் மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தச் சர்வாதிகாரத்தை வீழ்த்திய 1974 ஏப்ரல் 25 புரட்சிக்குப் பின் பள்ளிகள் பெருகின, 1986-இல் கட்டாயக் கல்வி ஒன்பது ஆண்டுகளானது. ஆனால் எண்ணிக்கை பெருகிய வேகத்தில் தரம் பெருகவில்லை. 2000-இல் நடந்த முதல் பிசா தேர்வில் வாசிப்பில் 470, கணிதத்தில் 454, அறிவியலில் 459 என்று போர்த்துகல் கடைசி வரிசையில் நின்றது. பதினெட்டு முதல் இருபத்து நான்கு வயதுக்குள் இருந்தவர்களில் 40 சதவீதத்துக்கும் அதிகமானோர் மேல்நிலைப் படிப்பை முடிக்காமலே பள்ளியை விட்டிருந்தார்கள்.

மாற்றம் நெருக்கடிக்கு முன்பே தொடங்கிவிட்டது. 2005 முதல் 2009 வரை கல்வி அமைச்சராக இருந்த மரியா டி லூர்தெஸ் ரொட்ரிகெஸ் ஒரு சமூகவியல் பேராசிரியர். மலைக் கிராமங்களில் பத்துப் பேர்கூட இல்லாமல், எல்லா வகுப்புக்கும் ஒரே ஆசிரியருடன் இயங்கிவந்த பள்ளிகளை ஆயிரக்கணக்கில் மூடினார். அந்தக் குழந்தைகள் பேருந்தில் பெரிய பள்ளிகளுக்குப் போனார்கள். அங்கே நூலகமும் மதிய உணவுக்கூடமும் ஆங்கில வகுப்பும் இருந்தன. தொடக்கப் பள்ளிகள் மாலை ஐந்தரை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்பது விதியானது. 2006-இல் தேசிய வாசிப்புத் திட்டமும் கணிதத்துக்கென ஒரு செயல்திட்டமும் வந்தன. கணிதத் திட்டத்தில் பள்ளிகளே தங்கள் மாணவர்களின் பலவீனம் எது என்று எழுதி, அதற்கேற்ற வழியைச் சொல்லி நிதி பெற வேண்டும். அரசுப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவுகள் பெருகின. ஆசிரியர்களை மதிப்பிடும் புதிய முறையை எதிர்த்து 2008 மார்ச்சில் லிஸ்பன் தெருக்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஆசிரியர்கள் திரண்டார்கள். அமைச்சர் பெயர் கெட்டது. மதிப்பெண் உயர்ந்தது: 2006-க்கும் 2009-க்கும் இடையில் பிசா கணிதம் 466-இலிருந்து 487-க்கும் வாசிப்பு 472-இலிருந்து 489-க்கும் ஏறியது.

2011 ஜூனில் புதிய அரசு வந்தபோது கல்வித் துறை நூனோ கிராட்டோவிடம் போனது. அவர் கணிதவியலாளர், போர்த்துகீசியக் கணிதச் சங்கத்தின் முன்னாள் தலைவர். கல்வியாளர்களின் புரியாத மொழியையும் மேம்போக்கான இலக்குகளையும் சாடிப் புத்தகம் எழுதியவர். கையில் பணம் இல்லாத அமைச்சருக்கு எஞ்சியிருந்தவை பாடத்திட்டமும் பாடவேளையும் தேர்வும்தான். மூன்றையும் அவர் மாற்றினார். ஒவ்வொரு வகுப்பிலும் மாணவர் எதைக் கற்றிருக்க வேண்டும் என்று தெளிவாக வரையறுத்த பாட இலக்குகள் 2012-இல் வெளிவந்தன. தொடக்கப் பள்ளியில் வாரத்துக்குத் தாய்மொழிக்குக் குறைந்தது ஏழு மணி, கணிதத்துக்குக் குறைந்தது ஏழு மணி என்று ஒதுக்கப்பட்டது. செயல்திட்ட வகுப்பு போன்றவை நீக்கப்பட்டன. வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு 2013-இல் அமைச்சகத்திலிருந்து பிரித்துத் தனி நிறுவனத்திடம் தரப்பட்டது.

பெரிய சர்ச்சை தேர்வில்தான் வெடித்தது. 2012-இல் ஆறாம் வகுப்புக்கும் 2013-இல் நான்காம் வகுப்புக்கும் தேசியப் பொதுத் தேர்வு வந்தது. மொழி, கணிதம் என்ற இரண்டு பாடங்கள்; நான்காம் வகுப்பில் முதல் ஆண்டு இறுதி மதிப்பெண்ணில் 25 சதவீதமும் அடுத்த ஆண்டு முதல் 30 சதவீதமும் இந்தத் தேர்வுக்குப் போயிற்று. ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகள் பழக்கமில்லாத வேறு பள்ளிக்குப் போய், முன்பின் தெரியாத கண்காணிப்பாளர் முன் உட்கார்ந்து எழுதினார்கள். செல்போன் வைத்திருக்கவில்லை என்று அவர்களிடம் கையெழுத்தும் வாங்கப்பட்டது. அந்தக் கையெழுத்தைக் கண்டு பெற்றோர் கொதித்தது நியாயமே. ஆனால் அந்தத் தேர்வோடு சேர்ந்து வந்த இன்னொரு ஏற்பாடு அதிகம் பேசப்படவில்லை. தேறாத குழந்தைகளுக்குச் சில வாரங்கள் தனிப் பயிற்சி தந்து, ஜூலையில் மறுபடி எழுத வாய்ப்புக் கொடுத்தார்கள். அப்போது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பதினைந்து வயதுக்குள் ஒருமுறையாவது ஃபெயிலாகி அதே வகுப்பில் உட்கார்ந்த நாட்டில், ஓராண்டை இழப்பதற்குப் பதில் சில வாரப் பயிற்சி என்பது செலவு குறைந்த, மனிதத்தன்மை மிகுந்த வழி. தேர்வை விட இந்தப் பயிற்சியே அதிகப் பலன் தந்திருக்க வேண்டும்.

உயர்வின் பெருமை யாருக்கு என்ற சண்டை இன்றும் அந்நாட்டில் ஓயவில்லை. 2015-இல் பிசா எழுதியவர்கள் 1999-இல் பிறந்தவர்கள். 2005-இல் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள். ரொட்ரிகெஸ் காலத்து நூலகமும் முழுநாள் பள்ளியும் கணிதத் திட்டமும் அவர்களுடைய அடித்தளம். கிராட்டோவின் மாற்றங்களைச் சந்தித்தபோது அவர்கள் ஏழாம், எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தார்கள். டிம்ஸ் எழுதிய நான்காம் வகுப்பினரோ 2011 செப்டம்பரில் பள்ளிக்குள் நுழைந்தவர்கள். அவர்கள் பார்த்தது முழுக்க நெருக்கடிக் காலப் பள்ளிதான். அந்தக் குழந்தைகள்தான் கணிதத்தில் பின்லாந்தை முந்தினார்கள். அதற்கு முந்தைய 2011 டிம்ஸில் போர்த்துகல் 532 பெற்றிருந்தது. பணம் சுருங்கிய நான்கு ஆண்டுகளில் ஒன்பது புள்ளி கூடியது. ஆகவே சிக்கன காலத்தில் தரம் உயராது என்ற வாதம் நிற்காது. ஆனால் 532 வரை கொண்டுவந்த ஏணி அதற்கு முன்பே செலவழித்துக் கட்டப்பட்டது.

அதே காலத்துக் குழந்தைகளின் மற்ற மதிப்பெண்களையும் சேர்த்துப் பார்த்தால் படம் மாறுகிறது. நான்காம் வகுப்பு டிம்ஸ் அறிவியலில் போர்த்துகல் 2011-இல் 522 பெற்றது, 2015-இல் 508-க்கு இறங்கியது. வாசிப்பைச் சோதிக்கும் பிர்ல்ஸ் தேர்வில் 2011-இன் 541, 2016-இல் 528 ஆனது. அறிவியல் இறங்கியதன் காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மொழிக்கும் கணிதத்துக்கும் ஏழேழு மணி ஒதுக்கிய வாரத்தில், அறிவியலும் சமூகமும் கலந்த சூழல் பாடத்துக்குக் குறைந்தபட்ச நேரம் மூன்று மணிதான். அதில் பொதுத் தேர்வும் கிடையாது. வாசிப்பு இறங்கியதற்கு இப்படி எளிய விளக்கம் இல்லை. வாரத்தில் நேரம் இருந்தது, தேர்வும் இருந்தது. குறுகலான வினாத்தாளுக்குப் பழக்கியதால் விரிந்த வாசிப்பு தேய்ந்தது என்று ஒரு தரப்பு சொல்கிறது. 2015 நவம்பரில் நாடாளுமன்றம் நான்காம் வகுப்புத் தேர்வை நீக்கியதால் அந்த ஆண்டு கவனம் தளர்ந்தது என்கிறது மறு தரப்பு. சில மாதத் தளர்ச்சி நான்காண்டுப் படிப்பைக் கீழே இழுக்கும் என்று நம்புவது கடினம்.

நெருக்கடியே சில மாணவர்களைப் பள்ளியில் தங்கவைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் கட்டட வேலைக்கும் உணவகத்துக்கும் போய்ச் சம்பாதிக்கப் பள்ளியை விட்டார்கள். 2013-இல் இளைஞர்களில் வேலையின்மை 40 சதவீதத்தை நெருங்கியபோது வெளியே போய்ச் செய்ய வேலையே இல்லை. அதே சமயம் கட்டாயக் கல்வி வயதைப் பதினெட்டாக உயர்த்திய 2009 சட்டம் நடைமுறைக்கு வந்தது. தொழிற்கல்விப் பிரிவுகளிலும் இடம் இருந்தது. இடைநின்றோர் விகிதம் 2010-இல் 28.3 சதவீதம், 2015-இல் 13.7 சதவீதம், 2020-இல் 8.9 சதவீதம். ஐரோப்பாவில் இவ்வளவு வேகமாக இதைக் குறைத்த நாடுகள் மிகச் சில. படிப்பில் பின்தங்கியவர்கள் பள்ளியிலேயே தங்கும்போது சராசரி மதிப்பெண் குறையும் என்பார்கள். இங்கே பிசா மதிப்பெண் குறையவில்லை. அடிப்படைத் தகுதிகூட எட்டாத பதினைந்து வயதினர், கணிதத்தில் 2006-இல் 30.7 சதவீதமாக இருந்து 2015-இல் 23.8 சதவீதமானார்கள். பிசா புள்ளிகளைவிட இந்த எண்ணையே போர்த்துகலின் உண்மையான சாதனையாகக் கொள்ளலாம்.

வீட்டில் வருமானம் நின்றுபோன குழந்தைகளின் பசி இன்னொரு பக்கம். பெற்றோர் இருவரும் வேலை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் காலையில் வெறும் வயிற்றோடு வருவதை ஆசிரியர்கள் கவனித்தார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இலவச மதிய உணவும் பாடநூல் உதவியும் ஏற்கெனவே இருந்தன. 2012-இல் கல்வி அமைச்சகம் தேவைப்பட்ட மாணவர்களுக்குப் பள்ளியிலேயே காலை உணவு தரும் திட்டத்தைச் சேர்த்தது. உணவு நிறுவனங்கள் நன்கொடையாகப் பொருள் தந்தன. எல்லாம் வெட்டப்பட்ட ஆண்டில் இதைக் கூட்டினார்கள். ஏழு மணி நேரக் கணிதம் பசித்த குழந்தையின் தலையில் ஏறாது என்பதை அந்த அரசு புரிந்துகொண்டதற்கு அது அடையாளம்.

இவ்வளவுக்கும் விலை கொடுத்தவர்கள் ஆசிரியர்கள். பெரிய வகுப்புகளில் மாணவர் எண்ணிக்கை முப்பது வரை உயர்ந்தது. ஒப்பந்த ஆசிரியர்கள் பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். 2011 டிசம்பரில் பிரதமர் பெட்ரோ பாசோஸ் கொயெலோ, வேலையில்லாத ஆசிரியர்கள் பிரேசில், அங்கோலா போன்ற போர்த்துகீசியம் பேசும் நாடுகளில் வாய்ப்புத் தேடலாம் என்று பேட்டியில் சொன்னது ஆறாத புண்ணாகிவிட்டது. பணியில் இருந்தவர்களுக்கும் பதவி உயர்வுக் கணக்கில் பணிக்காலம் சேர்வது நிறுத்தப்பட்டது. 2005-2007 காலத்திலும் 2011 முதல் 2017 வரையிலும் நடந்த முடக்கத்தைச் சேர்த்தால் ஒன்பது ஆண்டு, நான்கு மாதம், இரண்டு நாள். இந்த எண் போர்த்துகல் ஆசிரியர் சங்கங்களின் முழக்கமாகவே மாறியது.

அப்படி நடத்தப்பட்ட தொழிலுக்கு இளைஞர்கள் வரவில்லை. 2018-இல் போர்த்துகல் ஆசிரியர்களின் சராசரி வயது 49. முப்பது வயதுக்குக் கீழ் இருந்தவர்கள் அரிது. மூத்தவர்கள் ஓய்வுபெறத் தொடங்கியபோது லிஸ்பனிலும் தெற்கு மாவட்டங்களிலும் பாட ஆசிரியர் இல்லாமல் மாணவர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் நிலை வந்தது. பிசா கணிதப் புள்ளி 2022-இல் 492-இலிருந்து 472-க்கு விழுந்தது. பெருந்தொற்றால் பெரும்பாலான நாடுகள் சரிந்த ஆண்டு அது; அந்தக் காரணத்தையும் ஆசிரியர் பற்றாக்குறையையும் பிரித்து அளப்பது இயலாது. ஆனால் நான்காம் வகுப்பு டிம்ஸ் கணிதம் பெருந்தொற்றுக்கு முன்பே, 2019-இல் 525-க்கு இறங்கிவிட்டது.

முடக்கிய பணிக்காலத்தைத் திருப்பித் தர மறுத்து, 2019 மே மாதம் அன்றைய பிரதமர் அன்டோனியோ கோஸ்டா பதவி விலகுவதாகவே மிரட்டினார். அவ்வாண்டு இரண்டு ஆண்டு ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல் மட்டும் கணக்கில் சேர்ந்தது. எஞ்சிய ஆறு ஆண்டு, ஆறு மாதம், இருபத்து மூன்று நாளைப் படிப்படியாகச் சேர்ப்பதற்கு 2024 மே மாதம் புதிய அரசும் பெரும்பாலான ஆசிரியர் சங்கங்களும் ஒப்பந்தம் செய்தன. அந்தத் தவணை 2027-இல் முடிகிறது. அதற்குள் ஓய்வுபெற்றுவிடும் ஆசிரியர்களில் பலருக்கு அதன் முழுப் பலனும் கிடைக்காது.