சேவல் இல்லாத முட்டை

இரண்டு நாளாகச் செட்டாப் பாக்ஸ் பக்கம் யாரையும் அண்டவிடவில்லை என் மகன். மூன்றாம் நாள் வீடு பெருக்கும்போது குட்டு வெளிப்பட்டது. பெட்டியின் பின்னால், சூடான இடமாகப் பார்த்து, பழைய ஸ்கூல் சாக்ஸுக்குள் ஒரு முட்டை! அட்டையில் முப்பதுக்கு ஒன்று குறைந்த கணக்கும் தீர்ந்தது.

எல்லாம் ‘தி வைல்ட் ரோபோ’ பார்த்த வினை. பீட்டர் பிரவுன் 2016-ல் எழுதிய சிறுவர் நாவலை கிறிஸ் சாண்டர்ஸ் 2024-ல் அனிமேஷன் படமாக்கினார். ஆளில்லாத தீவில் ஒதுங்கும் ராஸ் என்ற ரோபோ, தவறி ஒரு காட்டு வாத்தின் கூட்டின் மேல் விழுகிறது. தப்பியது ஒரே ஒரு முட்டை. அதிலிருந்து வந்த குஞ்சு ரோபோவைத் தாயென்று நினைத்துப் பின்னாலேயே நடக்கிறது. அதற்குத் தின்னவும், நீந்தவும், குளிர்காலத்துக்கு முன் பறக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

நாமக்கல்லில் இந்தப் படத்தைப் பார்ப்பது தனி அனுபவம். முட்டை என்றால் இங்கே பாதிப் பேருக்குப் பிழைப்பு. என் மச்சினன் ஹேச்சரியில் சூப்பர்வைசர். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தபோது முதல் ஆட்சேபம் அவனிடமிருந்துதான். “மெஷின் குஞ்சு பொரிக்கிறதெல்லாம் ஒரு கதையா மாமா? நாங்க தினமும் பண்றோம்.”

உண்மைதான். செட்டர் என்ற பெரிய பெட்டிக்குள் ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ் சூடு. ஈரப்பதம் அளவாக இருக்கும். கோழி அலகால் முட்டையைப் புரட்டிவிடுவதற்குப் பதில், மணிக்கொரு தரம் தட்டே சாய்ந்து கொடுக்கும். 18 நாள் அதில், கடைசி மூன்று நாள் ஹேச்சரில். பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மிச்ச மஞ்சள் கரு இருக்கும். இரண்டு நாளைக்கு இரை இல்லாமலே அது தாங்கும் என்பதால்தான் பெட்டியில் போட்டு வெளியூருக்கு அனுப்ப முடிகிறது. தாய்க்கோழியின் முகத்தையே பாராத குஞ்சுகள்.

“ஆனா, எங்க மெஷின் ஒண்ணு பண்ணாது மாமா,” என்றான் சற்று நேரம் கழித்து. “குஞ்சு கூட நடக்காது.”

அமுச்சிக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஆங்கிலம் தெரியாது. பேரன்தான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தான். பாதிக்கு மேல் தேவைப்படவில்லை. அவர் பரமத்தி வேலூர்ப் பக்கம் ராஜவாய்க்கால் கரையில் வளர்ந்தவர். “இதென்ன சாமி அதிசயம்? கோழிக்கு வாத்து முட்டைய அடை வெச்சா இதே கூத்துத்தான்” என்றார். வைக்கோல் போட்ட கூடையில் அடை வைப்பார்களாம். குஞ்சுகள் பொரித்துச் சில நாளில் வாய்க்காலைக் கண்டதும் பொத்பொத்தென்று தண்ணீரில் இறங்கிவிடும். பிள்ளைகள் முழுகிச் செத்தன என்று தாய்க்கோழி கரையில் அங்குமிங்கும் ஓடிக் கத்துமாம். பொரித்ததும் கண்ணில் படுவதைத் தாயென்று வாத்துக் குஞ்சு பற்றிக்கொள்வதை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸுக்கு 1973-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அமுச்சி அதே விஷயத்தைக் கோழியின் பக்கம் நின்று பார்த்திருக்கிறார்.

என் மனைவிக்குத்தான் சங்கடம். தாயைக் கொன்றதே இந்த ரோபோதான் என்று குஞ்சுக்குத் தெரியவரும் இடத்தில் ரிமோட்டைத் தேடினாள். பிள்ளைகள் சாவதைப் பற்றி ஒரு போசம் அம்மா சர்வசாதாரணமாகப் பேசும் காட்சிகள் வேறு. பையன் அழவில்லை. அமுச்சியோ விழுந்து விழுந்து சிரித்தார். பருந்து தூக்கியதும் கீரி பிடித்ததும் போக மிஞ்சியதை எண்ணிப் பழகியவர்களுக்கு அது நகைச்சுவைதான். கடைசிப் பகுதியின் ரோபோச் சண்டை எனக்கு வழக்கமான ஹாலிவுட் இரைச்சலாகவே பட்டது. அமுச்சி அதற்குள் தூங்கிப்போனார்.

காட்டையும் விலங்கையும் வைத்து ஹாலிவுட் கற்பனை செய்வது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் 1952-லேயே அமெரிக்கர்களோடு சேர்ந்து ‘காடு’ எடுத்தார். ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. அழிந்துபோன மாமத் யானைகள் நம் காட்டில் திரிவதாகக் கதை. நம்மூர் யானைக்குச் சடைமுடி போர்த்தி மாமத் ஆக்கினார்கள். ஏற்காடு சாலையில் அந்த ஸ்டூடியோவின் வளைவு இன்றும் நிற்கிறது.

சாக்ஸ் முட்டைக்கு வருகிறேன். முட்டைக்காகவே கோழி வளர்க்கும் லேயர் பண்ணையில் சேவலே கிடையாது. அந்த முட்டையில் உயிர் இல்லை, எத்தனை நாள் சூடு காட்டினாலும் பொரிக்காது. மச்சினன் இருட்டறையில் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்துக் காட்டினான். உள்ளே நரம்போட்டம் இல்லை, வெறும் வெளிச்சம். பையன் நெடுநேரம் பார்த்துவிட்டு, “அப்ப இதுக்கு அம்மா மட்டுந்தானா?” என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் அமுச்சி ஊரிலிருந்து, அடைக்கு உட்கார்ந்த ஒரு நாட்டுக்கோழியும் ஒன்பது முட்டையும் பஸ்ஸில் வந்து சேர்ந்தன. ஏழு பொரித்தன.

குழந்தைகளோடு இந்தப் படத்தைப் பார்க்கப் போகிறவர்கள், வீட்டிலிருக்கும் முட்டையை முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.