தேர்ச்சி விகிதத்துக்குள் வராத பிள்ளைகள்

2023 பிளஸ் டூ தேர்வில் 97.85 சதவீதத் தேர்ச்சியோடு விருதுநகர் மாவட்டம் மாநிலத்திலேயே முதலிடம். இந்த ஜில்லாவுக்கு அது புதிதுமல்ல. ஆனால் அதே ஆண்டு மார்ச்சில், முதல் நாள் தமிழ்த் தேர்வுக்கே மாநிலம் முழுவதும் சுமார் 50,000 பேர் வரவில்லை. தேர்ச்சி விகிதம் என்பது தேர்வு எழுதியவர்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு. ஒன்பதாம் வகுப்பிலேயே நின்றுபோன பையன் அதில் ஜெயித்தவனும் இல்லை, தோற்றவனும் இல்லை.

ராஜபாளையத்தில் நூற்பாலைகள், பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள், கொஞ்சம் தள்ளிப் போனால் சிவகாசிப் பட்டாசு. இங்கே பிள்ளையை யாரும் "இனிமேல் பள்ளிக்கூடம் போகாதே" என்று சொல்லி நிறுத்துவதில்லை. "லீவுக்கு நாலு காசு சம்பாதிக்கட்டும்" என்றுதான் ஆரம்பிக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது கையில் கொஞ்சம் காசு, வீட்டில் கொஞ்சம் கடன், பையனுக்குப் புத்தகம் மறந்திருக்கும். பெண்பிள்ளை என்றால் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று தொடங்கி, மாப்பிள்ளை பார்ப்பதில் போய் முடியும். செண்பகத்தோப்பு போன்ற மலையடிவாரப் பளியர் பழங்குடிக் குடியிருப்புகளில் பள்ளி தூரம், அதோடு சாதிச் சான்றிதழுக்கான அலைச்சல்.

சட்டம் என்ன சொல்கிறது? 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுவரை எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழ் இல்லை, டி.சி. வரவில்லை என்பதெல்லாம் காரணமே ஆகாது. இடையில் நின்றவனை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் தர வேண்டும். அப்படிச் சேர்ந்தவன் 14 வயதைத் தாண்டினாலும் எட்டாம் வகுப்பை இலவசமாக முடிக்கலாம். கட்டணப் பாக்கிக்காக டி.சி.யை நிறுத்திவைக்கக் கூடாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டுவரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே. பட்டாசு போன்ற ஆபத்தான தொழிலில் 18 நிரம்பாத யாரையும் வைக்கக் கூடாது. மற்ற வேலைகளிலும் 14 முதல் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாலை 7 முதல் காலை 8 மணிவரை அமர்த்தத் தடை உண்டு. "பதினைந்து ஆயிடுச்சு சார், நைட் ஷிப்டுதான்" என்று சமாதானம் சொல்பவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

இந்தச் சட்டங்களில் ஓட்டையும் உண்டு. கல்வி உரிமை 14-ல் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் அதிகம் கழன்றுகொள்வதோ ஒன்பது, பத்தாம் வகுப்பில். 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டு அக்காமார்கள் மாலையில் தெருவிலேயே பாடம் சொல்லித் தந்தார்கள். அதுவும் எட்டாம் வகுப்புவரைதான். ஊரார் கை கொடுக்க வேண்டிய இடம் அதற்கு மேலேதான் என்பது என் கருத்து.

அதற்கான வழி ஊரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். கட்டடத்துக்கு வெள்ளையடிப்பதைப் பற்றி மட்டும் பேசிக் கலையாமல், தொடர்ந்து வராத பிள்ளைகளின் பெயரை ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். யார் வரவில்லை என்பது சத்துணவு அமைப்பாளருக்கு முதலில் தெரியும். ஒரு வாரத்துக்குள் அந்த வீட்டுக்கு ஒருவர் போனால் பேசிச் சரிசெய்துவிடலாம். மூன்று மாதம் கழித்துப் போனால் முதலாளி கொடுத்த அட்வான்ஸ் கணக்கைத்தான் பேச வேண்டியிருக்கும்.

போகிறவர் வெறும் புத்திமதியோடு போகக் கூடாது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவரின் குடும்பத்தில் சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால் 75,000 ரூபாய் உதவி உண்டு. தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளரின் பிள்ளைகளுடைய உயர்கல்விவரையான செலவை அரசே ஏற்கும் என 2024 நவம்பரில் முதல்வர் அறிவித்திருக்கிறார். விதவைத் தாயின் பிள்ளைக்கும், கடும் நோயில் விழுந்த பெற்றோரின் பிள்ளைக்கும் மிஷன் வத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு தர வேண்டும். ஒதுக்கீடு குறைவு, எல்லோருக்கும் கிடைத்துவிடாது. இருந்தாலும் மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள்.

மிரட்டி வேலைக்கு வைத்திருந்தாலோ, கல்யாண ஏற்பாடு நடந்தாலோ 1098-க்குப் பேசுங்கள். கட்டணமில்லை, சொன்னவர் பெயர் வெளியே வராது. படிப்பு சம்பந்தமான சந்தேகத்துக்கு 14417.

பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு அதே ஆண்டே துணைத்தேர்வு வைக்கிறார்கள். தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும், அந்த ஆண்டே பிளஸ் ஒன் சேரலாம். முடிவு வந்த கொஞ்ச காலத்திலேயே விண்ணப்பத் தேதி முடிந்துவிடும். அதற்குள், மில் வாசலில் ஆள் எடுப்பவருக்கு முன்னால் பள்ளியிலிருந்து யாராவது ஒருவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும்.