ரோஜாவுக்கு எவ்வளவு தண்ணீர்?

எமது கிழக்குக் கரையோர ஊர்களில் ரோஜா வளர்ப்போர் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "எனக்குக் கைராசி இல்லை." நுவரெலியாப் பக்கமிருந்து ஆசையோடு வாங்கி வந்த ஒட்டுக் கன்று நாலு பூப் பூத்துவிட்டு வாடிப்போனால் பழி கையின் மேல் விழுந்துவிடுகிறது. உம்மம்மாவின் முற்றத்தில் நிற்கும் 11 ரோஜாச் செடிகளுக்கு நீர் ஊற்றும் பொறுப்பு 2 வருடங்களாக என்னுடையது. ராசியைவிடத் தண்ணீர் ஊற்றும் முறையில்தான் விடயம் இருக்கிறது என்பது எனது எண்ணம்.

பலர் பின்னேரங்களில் குழாயைப் பிடித்துச் செடியின் தலையில் மழைபோல் தூவுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் மண்ணைக் கிளறிப் பாருங்கள், ஒரு விரற்கடைதான் நனைந்திருக்கும். தினமும் மேல்மண் மட்டும் நனைந்தால் வேர்களும் மேலேயே தங்கிவிடும். கச்சான் காற்று வீசும் காலத்தில் அந்த மேல்மண் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிறது. ஆகவே அடியில் ஆழமாக ஊற்றுவதே நல்லது. செடி ஒன்றுக்கு ஒரு வாளி, அதாவது சுமார் 10 லீற்றர். எங்களுடையது மணல் நிலம், ஊற்றியது விரைவில் கீழே இறங்கிவிடும். அதனால் அரைவாளி ஊற்றிச் சற்றுப் பொறுத்து மீதியை ஊற்றுவேன். கடும் வெயிலில் இரண்டு நாளுக்கு ஒருமுறை இப்படி ஊற்றினால் போதும். களிமண் நிலமென்றால் இன்னும் இடைவெளி விடலாம். நாள் கணக்கைவிட விரல் நம்பகமானது: இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுள் விட்டுப் பாருங்கள், ஈரம் பட்டால் அன்று ஊற்ற வேண்டாம். அடியில் தும்புச்சோறு பரப்பினால் ஈரம் நின்று பிடிக்கும்.

இலைகளை நனைப்பதில் இன்னொரு கேடும் உண்டு. ரோஜாவின் கரும்புள்ளி நோயை உண்டாக்கும் பூஞ்சணத்துக்கு, இலையின் மேல் சுமார் 7 மணித்தியாலம் ஈரம் தொடர்ந்து இருந்தால் போதும், உள்ளே புகுந்துவிடும். பின்னேரம் நனைந்த இலை விடியும்வரை காயாது. சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு ஊற்றினால், தவறிப்போய் இலையில் பட்ட நீரும் வெயில் ஏறக் காய்ந்துவிடும்.

எங்கள் பகுதியில் சில கிணறுகள் உவர். ரோஜா உப்பைத் தாங்காது, இலை ஓரங்கள் கருகத் தொடங்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் மேல்மண்ணில் சேரும். ஆழ ஊற்றும்போது அது வேரைத் தாண்டிக் கீழே கழுவப்படுகிறது.

உச்சி வெயிலில் இலை தொங்குவதைக் கண்டு பதறி ஊற்றுவோரும் உளர். மண்ணில் ஈரமிருந்தால் மாலையில் அது தானாக நிமிரும். வேருக்குக் காற்றும் வேண்டும், நீர் தேங்கினால் அழுகிவிடும். மாரி மழையில் வாளிக்கு வேலையில்லை, பாத்தியிலிருந்து நீர் வடிய வழி வெட்டுவதே வேலை.

பூச்சாடியில் வளர்ப்போர் அடியிலுள்ள துளை அடைபட்டிருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே வைத்த தட்டில் தேங்கும் நீரை அன்றன்றே கொட்டிவிட வேண்டும். அதில் டெங்கு நுளம்பு முட்டையிடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வரும் தண்ணீர் கை சுடும். அதை வாளியில் பிடித்து ஆறவிட்டுக் கடைசிச் செடிக்கு ஊற்றுங்கள்.